குங்குமம் தடவிய தண்டு

பிள்ளைங்களா, இன்று திண்டிவனம் வீட்டில் உங்கம்மா குங்குமத்தை எண்ணெயில் குழைத்த வாசனையில் எனக்கு மரக்காணம் கரை ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நான் சின்னப் பையன். முந்தின வாரம் நடுக்கடலில் கழன்று விழுந்த ப்ரொப்பல்லருக்குப் பதிலாக, எங்கப்பா கரையில் நிறுத்திய படகின் எஞ்சினிலிருந்து வரும், முனை குறுகிய தண்டில் புதுசு மாட்டிக்கொண்டிருந்தார். மற்ற படகுகள் கிளம்பிவிட்டன.

நட்டை முறுக்கப்போன அவர் கையை எங்கம்மா பிடித்தார். “தண்டுல குங்குமம் தடவி மாட்டிப் பாருய்யா. சரியா உட்கார்ந்தா உள்ள முழுக்கச் செவக்கும்.”

“பூஜையா பண்ணிக்கினு இருக்கேன்? ஜல்தி விடு!”

அம்மா விடவில்லை. கிண்ணத்தில் எண்ணெயில் குழைத்திருந்த குங்குமத்தைத் தண்டில் தடவி, மாட்டி, கழற்றினார். ப்ரொப்பல்லரின் துளைக்குள் ஒரு பக்கம்தான் சிவப்பு. தண்டோடு ப்ரொப்பல்லரும் சேர்ந்து சுழல இடையில் செருகும் சின்ன இரும்புக் கட்டை, சாவி என்பார்கள், அது உயரமாக இருந்து ப்ரொப்பல்லரை ஒரு பக்கம் தூக்கிவிட்டிருந்தது; அப்படியே முறுக்கியிருந்தால் மறுபடி கழன்றிருக்கும்.

அப்பா அரத்தை எடுத்துச் சாவியை ராவினார். மூன்றாம் தடவை மாட்டிக் கழற்றியபோது துளை முழுக்கச் சிவந்திருந்தது.

கிண்ணத்தில் மிச்சமிருந்ததைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு அம்மா சொன்னார்: “இப்ப போ.”