ஒற்றைக் காது நாயின் முறை

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. செத்துப்போன தங்கையின் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாய், பூனை, வாத்து எதையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இப்போது நாய்க்கு ஒரு கிண்ணம் பால் ஊற்றுகிறவள் தன்னை அதற்கு அம்மா என்று எழுதிக்கொள்கிறாள். ஏழு வயிறு காயாமல் பார்த்துக்கொண்ட எனக்கு அது சிரிப்பாக இருக்கிறது.

இரண்டாம் வகுப்பு வரை போனேன். அப்புறம் தலையில் மீன் கூடை ஏறிவிட்டது. பஸ் போர்டு படிப்பேன். இப்படி மெதுவாக எழுதவும் செய்வேன். பிழை இருந்தால் பேத்தி திருத்தட்டும். அவளைப் பற்றியும் எழுதுவதால், திருத்துகிற சாக்கில் எதையாவது தூக்கிவிடுவாளோ என்ற சந்தேகமும் உண்டு.

பேத்தி என் பெரிய மகனின் பெண். கம்ப்யூட்டர் படித்துச் சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தாள். ஆளைக் குறைக்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். வந்தவள் அழுவாள் என்று பார்த்தேன். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு வெப்சைட் செய்கிறாளாம். வீட்டில் வளர்க்கிற பிராணிகளின் போட்டோவை அதில் ஏற்றலாம், பார்க்கிறவர்கள் ஓட்டுப் போடலாம், நிறைய ஓட்டு வாங்கியது மேலே நிற்கும். இவ்வளவுதான். இதற்கு நான்கு வருஷப் படிப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கினாள். தேங்காய் உடைக்கவில்லை, கற்பூரம் காட்டவில்லை. ஒரு பட்டனைத் தட்டிவிட்டு, "ஓப்பன் ஆயிடுச்சி ஆயா" என்றாள். கதவே இல்லாத கடைக்குத் திறப்பு ஏது என்று நினைத்துக்கொண்டு நான் இறால் ஆய்ந்துகொண்டிருந்தேன்.

முதலில் எங்கள் குப்பத்து ஆட்களைச் சேர்ப்பது என்று அவள் திட்டம். மறுநாளிலிருந்து எங்கள் வாசல் மாட்டாஸ்பத்திரி ஆகிவிட்டது. ஆட்டுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து இழுத்துவந்தார்கள். ஒருத்தி நாய்க்குட்டியின் முகத்தில் பவுடர் அப்பியிருந்தாள். வெள்ளையாகத் தெரிந்தால் ஓட்டு விழுமாம். ஒருவன் வாளியில் நண்டு கொண்டுவந்தான். இது வளர்ப்பதா, குழம்புக்கா என்று கேட்டேன்.

"சாயங்காலம் வரிக்கும் வளக்கறேன் ஆயா" என்றான்.

பேத்தி அதையும் போட்டோ எடுத்தாள். வந்த ஆளை விடக் கூடாதாம்.

முதலில் மேலே நின்றது ஒரு கிடா. அந்த வீட்டுக்கு மாமன் மச்சான் என்று ஊர் முழுக்க உறவு, ஆளுக்கொரு போன். ஆட்டின் முகத்தைப் பார்த்து யாரும் ஓட்டுப் போடவில்லை. ஆடியில் அந்தக் கிடாவை அம்மனுக்கு வெட்டினார்கள். எங்களுக்கும் ஒரு கிண்ணம் குழம்பு வந்தது. நான் எலும்பைக் கடித்துக்கொண்டிருக்கும்போது பேத்தி போனைக் காட்டினாள். கிடா இன்னும் முதலிடத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தது. எடுத்துவிடட்டுமா என்று அந்த வீட்டாரிடம் கேட்டிருக்கிறாள். ஆடு போனால் போகட்டும், ஓட்டு எங்களுடையது என்றார்களாம்.

சைட்டைப் பற்றிக் கருத்துச் சொல்ல அடியில் தனியாக ஒரு பெட்டி வைத்திருந்தாள். அது காலியாகவே கிடந்தது. எங்கள் ஊரில் கருத்து என்றால் வாசலில் வந்து இடுப்பில் கை வைத்துச் சொல்வது. என் வாத்து ஏன் கீழே இருக்கிறது, பக்கத்து ஊர் பசியாவரத்து வாத்து மேலே போக அது என்ன தங்கத்தில் முட்டை இடுகிறதா, என் பூனையைப் போட்டோ எடுத்தபோது வெளிச்சம் சரியில்லை, நீ வேண்டுமென்றே செய்தாய். எல்லாருக்கும் பேத்தி, "உங்க கருத்துக்கு நன்றி, சரி பண்ணிடறேன்" என்றாள். திட்டுகிறவளுக்கு நன்றி சொன்னால் அவள் என்ன செய்வாள்? காது கேட்கவில்லைபோல என்று இன்னும் சத்தமாகத் திட்டினாள்.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, என் கூட்டாளியின் நாய் அதில் ஏறுகிற வரைக்கும்.

கூட்டாளி என்றால் என்னோடு கூடை சுமந்தவள். என்னைவிட இளையவள். மீன் பிடிக்கப் போன ஏரியிலேயே புருஷன் போய்ச் சேர்ந்தபோது கையில் இரண்டு பெண் பிள்ளைகள். மீன் விற்றே இரண்டையும் கரையேற்றினாள். இப்போது அவளும் ஒரு நாயும். நாய்க்கு ஒரு காது இல்லை. நிறம் சொல்லும்படி இல்லை. ஆனால் அது படுத்திருக்கும் இடத்தில் இறால் காய்ந்தால் காக்கை இறங்காது. தினமும் நானும் அவளும் ஒரே ஆட்டோவில் திருப்பாலைவனம் சந்தைக்குப் போய் அடுத்தடுத்து உட்கார்ந்து விற்போம். என் கூடையை அவள் இறக்குவாள், அவள் கூடையை நான் இறக்குவேன்.

அந்த நாய் கடைசி இடத்தில் நின்றது. விழுந்தது ஒரே ஓட்டு, அதுவும் பேத்தி போட்டது. போதாததற்கு எங்கிருந்தோ யாரோ, இது நாயா கருவாடா என்று அந்தப் போட்டோவுக்கு நேர் கீழேயே எழுதிவைத்திருந்தார்கள். கூட்டாளிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் குழாயடியில் படித்துக் காட்டுகிற புண்ணியவதிகளுக்குப் பஞ்சமா? மறுநாள் அவள் என் ஆட்டோவில் ஏறவில்லை. சந்தையில் தள்ளிப்போய் உட்கார்ந்தாள். கூடையைத் தானே இறக்கிக்கொண்டாள்.

பேத்தியிடம், உன் ஓட்டும் நீயும் என்று ஒரு பாட்டம் திட்டினேன். அவள் அந்தக் கருவாட்டை அழித்தாள். மனசில் விழுந்ததை அழிக்க அவளிடம் பட்டன் இல்லை.

இந்த நேரத்தில் ஊர் ஆம்பளைகள் கோயிலில் கூட்டம் போட்டார்கள். உறவு அதிகம் உள்ள வீட்டு மிருகமே தினமும் மேலே நிற்கிறது, இது நியாயமில்லை, முதலிடத்துக்குப் பாடு வைக்க வேண்டும் என்று முடிவு. பாடு என்பது ஏரியில் உள்ள முறை. இறால் நன்றாக விழும் இடம் கொஞ்சம்தான். அங்கே ஒருவனே நாள்தோறும் வலை கட்டக் கூடாது என்று சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இவன், நாளைக்கு அவன் என்று வைத்துக்கொள்வார்கள். அதைக் கொண்டுபோய் நாய் போட்டோவுக்கு வைத்தார்கள். சண்டை போட இறால் குறைந்துபோனதால் பூனைக்குச் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பேத்தி ஒத்துக்கொண்டாள். இருக்கிற கொஞ்ச ஆட்களும் இவர்கள்தான், இவர்கள் போய்விட்டால் சைட்டை மூடிவிட வேண்டியதுதான் என்றாள்.

சீட்டெல்லாம் ஆம்பளைகள் பெயரில். ஏரியில் பாடு ஆம்பளைக்குத்தான். புருஷன் செத்து, ஆண் பிள்ளையும் இல்லை என்றால் அந்த வீட்டின் பாடு போய்விடும். என் கூட்டாளிக்குப் போனது அப்படித்தான். இப்போது இதிலும் அவள் வீட்டுக்குச் சீட்டு இல்லை. நானே கோயிலுக்குப் போய் ஊர்ப் பெரியவரைக் கேட்டேன். பெரியவர் என்பது பதவிதான், வயசில் என் தம்பிக்கும் சின்னவர்.

"ஏம்பா, அவ வூட்டுச் சீட்டு எங்க?"

"பாடு இல்லாத வூட்டுக்குச் சீட்டு ஏது ஆயா? மொறைன்னா மொறை."

"ஏரில அவளுக்குப் பாடு இல்ல, சரி. நாய் இன்னா ஏரிலயா வல கட்டப் போவுது?"

சிரித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து அவளே வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள், நாய் காலடியில். என்னைப் பார்க்காமல் பேத்தியிடம் பேசினாள்.

"கண்ணு, என் நாய் போட்டோவ எடுத்துடு. ஊரு சிரிக்கறதுக்கா நான் அதுக்குக் கஞ்சி ஊத்தறேன்?"

எனக்குத் தாங்கவில்லை. என் மகன் பெயரில் எங்கள் வீட்டுக்கு ஒரு முறை இருக்கிறது, அன்றைக்கு உன் நாயே மேலே நிற்கட்டும் என்றேன். உடம்பு முடியாதவன் தன் பாட்டை அண்ணன் தம்பிக்குக் கொடுப்பது ஏரியிலும் உண்டு.

அவள் அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "யக்கா, கூட எறக்க கை குடுத்த, வாங்கிகினேன். இத்தப் பிச்ச போடாத."

போய்விட்டாள். பேத்தி லேப்டாப்பை மடித்து வைத்தாள்.

போட்டோவை அவள் எடுக்கவில்லை. மறுநாள் வெயிலில் வீடு வீடாகப் போனாள். ஒரே கேள்விதான் கேட்டாளாம், இதுக்குத் தினமும் சோறு வைக்கிறது யாரு? ஆம்பளைகள் திரும்பிப் பெண்டாட்டி முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். கிடா வீட்டுக்காரருக்குத் தன் வீட்டில் எத்தனை கோழி என்றே தெரியவில்லை. ஒருவர் மட்டும், நாய்க்கு டீக்கடையில் பொறை வாங்கிப் போடுவது நான்தான் என்று மார் தட்டினார். கூப்பிட்டுக் காட்டுங்கள் என்றதும் நாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் ஒவ்வொரு போட்டோவுக்கும் கீழே 'வளர்ப்பவர்' என்று போட்டு, சோறு வைக்கிறவள் பெயரை எழுதினாள். முறை இனி வளர்ப்பவருக்குத்தான், சீட்டைத் திரும்பக் குலுக்குங்கள் என்று சொல்லி அனுப்பினாள். கோயிலில் எழுந்து நின்று, வாத்துக்குத் தவிடு பிசைவது நான்தான் என்று சொல்ல எந்த ஆம்பளைக்கு வாய் வரும்? அந்தக் காலிப் பெட்டியில் அன்றைக்குத்தான் முதல் கருத்து விழுந்தது. பெரியவர் யாரையோ விட்டு எழுதியிருந்தார், இது முறை அல்ல என்று. பேத்தி, உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் போட்டாள். இந்தத் தடவை சரி பண்ணிடறேன் என்று சேர்க்கவில்லை.

குழாயடியில் பிளாஸ்டிக் குடத்தில் பெண்களே சீட்டுக் குலுக்கினார்கள். கூட்டாளியும் வந்தாள். வந்தது குடத்துக்குத் தண்ணீர் பிடிக்கத்தான் என்பதுபோல ஓரமாக நின்றாள். முதல் முறை பவுடர் நாய்க்குட்டிக்குப் போயிற்று. அவள் சீட்டு நடுவில் எங்கோ வந்தது. பெயரை வாசித்தபோது தலையைக்கூட ஆட்டவில்லை. ஆனால் தண்ணீர் பிடிக்காமல் போய்விட்டாள்.

அவள் முறை வந்த அன்று நான் ஆட்டோவில் ஏறும்போது அவள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள், கூடையை மடியில் இடுக்கிக்கொண்டு. திருப்பாலைவனத்தில் மீன் வாங்க வந்த ஒரு டீச்சரம்மாவிடம் போனில் அந்தச் சைட்டைத் திறக்கச் சொன்னாள். நாய் முதலில் நின்றது. கீழே அவள் பெயர். டீச்சரம்மா வாசித்துக் காட்டினார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"உன் பேத்திக்குப் போட்டோ எடுக்கத் தெரியல யக்கா. காது இல்லாத பக்கமா எடுத்து வச்சிகீது. காது கீற பக்கமா எடுக்கச் சொல்லு."

சொல்லிவிட்டு எழுந்து என் கூடையை இறக்கினாள்.

வெளியூரிலிருந்து சைட்டைப் பார்க்கிறவர்கள், ஓட்டே வாங்காதது எப்படி மேலே நிற்கிறது, இது என்ன போட்டி என்று பெட்டியில் எழுதுகிறார்களாம். அவர்களுக்கும் பேத்தி நன்றி சொல்கிறாள். அந்தச் சைட் எத்தனை நாள் ஓடும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அதன் மேல் இன்றைக்கும் மரியாதை கிடையாது.

எழுதி முடிச்சிட்டேன் கண்ணு, இங்க வா. மொதல்லேர்ந்து படி. உன்னைத் திட்டின இடத்த முழுங்காம படிக்கணும். அவ வெத்தல இடிச்சிகினு இங்கதான் உக்காந்து கீறா. நாய் வர்ற எடத்த மட்டும் கொஞ்சம் சத்தமா படி.