ஹாலு ஹம்பி

மருமகள் தன் வாயால் "வாங்க" என்று கூப்பிட்டால்தான் அவர்கள் வீட்டுக்குக் குடிபோவேன் என்று மகனிடம் சொல்லிவிட்டேன். அப்போது என் வீட்டுக்காரர் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. பெங்களூரில் மல்லேஸ்வரத்துக்குக் கீழே, ரயில் பாதையை ஒட்டிய வட்டாரத்தில் தனியாக இருந்தேன். வட்டாரம் என்றால் ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வீடுகள், நடுவில் ஒரு குழாய். மகனுக்கு பொம்மசந்திராவில் வேலை. அங்கேயே பக்கத்தில் அடுக்குமாடியில் வீடு வாங்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வந்து, "வந்துடும்மா, தனியா என்ன பண்றே" என்பான். மருமகளும் கூட வருவாள். வருவாளே தவிர, அவன் கூப்பிடும்போது முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல மாட்டாள்.

அவள் கன்னடக்காரப் பெண். இரண்டு பேரும் விரும்பிக் கட்டிக்கொண்டார்கள். எனக்கு முதலில் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதை நான் மறைக்கவும் இல்லை. ஆனால் சரி என்று சொன்ன பிறகு ஒரு குறையும் வைக்கவில்லை. அப்படியும் ஆறு வருஷமாக அவள் என்னிடம் கேட்டதற்குப் பதில் சொல்வதோடு நிறுத்திக்கொண்டாள். அவளுடைய அம்மா என் வீட்டுப் படி ஏறியது ஒரே தடவை, என் வீட்டுக்காரர் இறந்த அன்று. அன்றும் நின்றபடியே இருந்துவிட்டுப் போய்விட்டார். கர்வம் பிடித்த ஜனங்கள் என்று நினைத்தேன். நானும் கர்வத்தில் குறைந்தவள் இல்லை. கூப்பிடாத வீட்டுக்கு நான் போனதில்லை.

அவர் போனதிலிருந்து எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அழுகை வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் என் முகத்தையே பார்த்தார்கள், நான் அவர்கள் செருப்பை எண்ணிக்கொண்டிருந்தேன். குழம்பில் உப்பு சரியா என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. பசித்தால் சாப்பிட்டேன் என்று சொல்ல முடியாது. மணி ஆனால் சாப்பிட்டேன்.

அந்த நாளில்தான் மகன் கேட்டான். "எங்கயாச்சும் போய்ட்டு வரலாமாம்மா? திருப்பதி போலாமா?"

"ஹம்பிக்குப் போலாம்" என்றேன்.

"ஹம்பியா? அங்க ஒரே கல்லும் வெயிலும்மா. நீ தாங்க மாட்டே."

"உங்கப்பா கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன ஊரு. நீ கூட்டிட்டுப் போறதுன்னா போ, இல்லன்னா விடு."

அவர் சொன்னதற்கு ஒரு கதை இருக்கிறது. கல்யாணமாகி ஆரணிப் பக்கத்திலிருந்து நான் பெங்களூர் வந்த புதிது. அவருக்கு மில்லில் வேலை. கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் கன்னடக்காரர்கள், அவரும் கன்னடம் தண்ணீர் மாதிரி பேசுவார். நான் வட்டாரத்துக்கே இட்லி சுட்டு விற்றுக்கொண்டிருந்தேன். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து ஒரு நாள் காலையில் வந்து வாசலில் நின்றார். உள்ளே கால் வைக்க இடமில்லை. ஒரு பக்கம் மாவுக் குண்டான், ஒரு பக்கம் இட்லித் துணி, நடுவில் மகன் தவழ்ந்துகொண்டிருந்தான். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் ஓடிப்போய்த் துணியால் பிடித்து இறக்கினேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன்டி, வீடு ஹாலு ஹம்பி மாதிரி இருக்கு" என்றார்.

ஹாலு என்றால் கன்னடத்தில் பால். அது எனக்குத் தெரியும், தினம் பால்காரனிடம் கேட்டு வாங்குகிற வார்த்தை. பால் பொங்கிய நேரத்தில் வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்கிறாரே என்று எனக்குப் பூரிப்பாகிவிட்டது. முதல் டிகாக்ஷனில் கெட்டியாக ஒரு காப்பி போட்டுக் கொடுத்தேன். "ஹம்பின்னா எங்க இருக்கு?" என்று கேட்டேன். பெரிய ராஜா இருந்த பட்டணம், வீதியில் முத்தையும் ரத்தினத்தையும் குவித்து வைத்து விற்ற ஊர், ஒரு நாள் கூட்டிப்போகிறேன் என்றார். கூட்டிப்போகவில்லை. ஆனால் அந்த வார்த்தையைச் சொல்வதை நிறுத்தவும் இல்லை. நாற்பது வருஷத்துக்கு மேல், வாரத்தில் இரண்டு நாளாவது வாசலில் நின்று, "ஹாலு ஹம்பி மாதிரி இருக்கு" என்பார். சொன்னால் கெட்டிக் காப்பி. நான் குழாயடியில் போய்ச் சொல்வேன், என் வீடு பாலோடும் ஹம்பிப் பட்டணம் மாதிரி இருக்கிறதாம் என்று. கன்னடக்கார அம்மா ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பொறாமை என்று விட்டுவிட்டேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான கையோடு மகன் வீடு வாங்கிக் கிரகப்பிரவேசம் செய்தபோது, புது அடுப்பில் பால் பொங்கியது. வீட்டுக்குப் பெரியவள் நான்தானே, ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். சம்பந்தி ஜனங்கள் நிறைந்திருந்தார்கள். அவர்களுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று கன்னடத்திலேயே சொன்னேன். "நிம் மனெ ஹாலு ஹம்பி தரா இர்லி." உங்கள் வீடு ஹாலு ஹம்பி மாதிரி இருக்கட்டும். எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். என் கன்னடத்தைக் கேட்டு அசந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் இருமிக்கொண்டே கை கழுவப் போனார்.

ஹம்பிக்கு மகன், மருமகள், நான் மூன்று பேரும் காரில் போனோம். விடிகாலையில் கிளம்பி, சித்ரதுர்கா தாண்டிச் சாப்பிட்டு, ஹொசபேட்டையில் லாட்ஜில் தங்கினோம். மறுநாள் காலையில் ஹம்பி. மகன் ஒரு கைடு பிடித்தான். நடுவயசு ஆள், தலையில் துண்டு கட்டியிருந்தான். பெரிய கோயில், அதற்கு முன்னால் நேராகப் போகும் வீதி, இரண்டு பக்கமும் வெறும் கல் தூண்கள். கூரை இல்லாத கடைகள். அதன் பிறகு ராஜா அரண்மனை என்று கூட்டிப்போனான். அங்கே அரண்மனை இல்லை. மேடை இருந்தது. இடுப்பு உயரத்துக்குக் கல் மேடை, படி, அதற்கு மேல் வானம். தரையில் வரிசையாகக் கல் தட்டுகள் கிடந்தன. சோற்றுக்கு நடுவில் ஒரு பள்ளம், கறிக்கும் குழம்புக்கும் சுற்றிச் சின்னச் சின்னப் பள்ளம். இட்லி விற்றவள் இல்லையா, எத்தனை பேருக்குப் பரிமாறலாம் என்று கணக்குப் போட்டேன். பள்ளத்தில் மண் இருந்தது.

முத்து விற்ற வீதி சரி, ராஜா சரி. பாலைக் காணோம். மாடுகூட நான்கைந்துதான் பார்த்தேன், எல்லாம் எலும்பும் தோலுமாக. அதனால் கைடையே கேட்டுவிட்டேன்.

"ஹாலு எல்லி?" பால் எங்கே என்று.

அவன் கையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றினான். "எல்லி அந்த்ரே? இதெல்லா ஹாளே, அம்மா!" எங்கே என்று கேட்கிறீர்களே, இது எல்லாமே அதுதானே என்கிறான்.

நான் மேடையைப் பார்த்தேன், தூணைப் பார்த்தேன். "காப்பிக்கு ஊத்துற ஹாலுப்பா" என்றேன்.

"ஓ, ஹாலா! நானு ஹாளு அந்த்கொண்டே" என்று சிரித்தான், வேறென்னவோ கேட்கிறேன் என்று நினைத்தானாம். அவன் ஒரே வார்த்தையை இரண்டு தடவை சொன்ன மாதிரிதான் எனக்குக் கேட்டது.

மருமகள் சட்டென்று திரும்பினாள். "அத்தே, நீங்க பாலா கேட்டீங்க?"

"பின்ன? ஹாலு ஹம்பின்னா பால் இல்லாம என்ன?"

அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அது ஹாலு இல்ல அத்தே, ஹாளு. நாக்க மடிச்சுச் சொல்லணும். தமிழ்ல பாழ்னு சொல்றீங்க இல்ல, பாழடைஞ்ச வீடுன்னு. அது. இந்த ஊரு பாழாப் போச்சு இல்லியா, அதுக்குதான் ஹாளு ஹம்பின்னு பேரு."

எங்கள் பக்கத்தில் யாரும் நாக்கை மடிப்பதில்லை. பழம் என்றாலும் பலம் என்றாலும் என் வாயில் ஒன்றுதான். பாலும் பாழும் ஒன்றுதான். நான் இரண்டாம் வகுப்பு வரை போனவள், இதை எழுதும்போதும் எந்த ல என்று நின்று யோசிக்கிறேன். குழாயடிச் சண்டையில் "மனெஹாளு" என்று கத்துவார்கள். வீட்டைக் கெடுக்கிறவள் என்று வசவு. அதுவும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அது குழாயடியில் கேட்கிற வார்த்தை, இது புருஷன் சிரித்துக்கொண்டு சொன்ன வார்த்தை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

நான் அந்த மேடைப் படியில் உட்கார்ந்தேன். மகன் தண்ணீர் பாட்டிலோடு வந்தான்.

"டேய், உனக்குத் தெரியுமா?"

"எது?"

"அன்னைக்கு உன் வீட்டுல நான் சொன்னது."

அவன் பாட்டில் மூடியைத் திறந்தான், மூடினான். "நீ வேணும்னே சொன்னன்னு நெனச்சேம்மா. கல்யாணம் பிடிக்கலன்னு மனசுல வெச்சிக்கினு இருந்து சொல்லிட்டன்னு."

"உங்கப்பாவுக்குத் தெரியுமா? எனக்கு அர்த்தம் தெரியாதுன்னு?"

"தெரியாமயா இருக்கும்? இப்பதான் எனக்கே புரியுது. அவர் சொன்னா நீ சிரிச்சிக்கிட்டே காப்பி போடப் போவியே. திட்டினா யாராச்சும் சிரிப்பாங்களா?"

கிரகப்பிரவேசத்தன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் சம்பந்திகளிடம் போய், இவளுக்குத் தெரியாது, பால் என்று நினைத்துச் சொல்லிவிட்டாள் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் என்னிடமும் சொல்ல வேண்டும். என்னிடம் சொன்னால் நாற்பது வருஷத்தையும் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. சொல்லாமலே போய்விட்டார். இதற்குக் கோபம் வர வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. படியில் உட்கார்ந்து காத்திருந்து பார்த்தேன். வரவில்லை. வெயில் முதுகில் விழுந்துகொண்டிருந்தது.

மருமகள் கல் தட்டுகளுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் என் ஜென்மத்தில் யாரிடமும் போய் நின்று, தப்பு என்று சொன்னதில்லை. எழுந்து போனேன்.

"ஏம்மா, அன்னைக்கு நான் சொன்னது பாலு."

"இப்போ புரிஞ்சது அத்தே."

"ஆறு வருஷமா ஒரு வார்த்தை கேக்கலியே நீ."

"எப்படிக் கேக்கறது? பெரியவங்க, பால் பொங்கற நேரத்துல, உங்க வீடு பாழாப் போகட்டும்னு சொன்னாங்க. ஏன் சொன்னீங்கன்னு கேக்க முடியுமா?" அவள் தட்டுப் பள்ளத்திலிருந்த மண்ணை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். "அப்புறம் எனக்கு ரெண்டு தரம் தங்கல. எங்கம்மா அதையே சொல்லிச் சொல்லி அழுவாங்க."

அந்த இரண்டு தரமும் நான் கஞ்சி வைத்துத் தூக்கில் எடுத்துப் போனேன். இரண்டு தரமும் அவள் அம்மா அதை வாங்கிச் சமையல் மேடையில் மூடி வைத்தார், திறக்கவில்லை. அப்போது புரியாதது இப்போது புரிந்தது. புரிந்தது, அவ்வளவுதான். நெஞ்சில் எதுவும் அசையவில்லை.

"உங்கம்மாகிட்ட சொல்லிடு" என்றேன்.

"நான் சொன்னா, மாமியாருக்காகப் பேசறேன்னு நினைப்பாங்க. நீங்களே சொல்லுங்க." போனைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டாள்.

கன்னடத்தில் சொன்னேன். அன்றைக்கு நான் சொன்னது ஹாலு, ஹாலு அல்ல. அந்தப் பக்கம் "ஆங்?" என்றார். மறுபடியும் சொன்னேன், ஹாலு அல்லா, ஹாலு. "யாவ ஹாளு?" எந்தப் பாழ் என்று சம்பந்தியம்மா எரிச்சலாகக் கேட்டார். மருமகள் எதிரில் நின்று தன் நாக்கை மடித்துக் காட்டினாள். நானும் மடித்தேன். எச்சில்தான் வந்தது. மகன் அந்தப் பக்கம் திரும்பி நின்றான், தோள் குலுங்கியது.

"குடியோ ஹாலு!" என்று கத்தினேன். "ஹசு கொடுத்தல்லா, காப்பிகெ ஹாக்தாரல்லா, ஆ ஹாலு!" குடிக்கிற பால், பசு கொடுக்கிற பால், காப்பிக்கு ஊற்றுகிற பால். பக்கத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

போனில் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. "அய்யோ தேவரே" என்றார். பிறகு மகளிடம் கொடுக்கச் சொன்னார். மருமகள் போனை வாங்கிக்கொண்டு தூண் வரிசைப் பக்கம் போய் ரொம்ப நேரம் பேசினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எங்கம்மா கேக்கறாங்க, திரும்ப ஒரு தரம் பால் காய்ச்சி, அந்த வார்த்தைய சரியாச் சொல்வீங்களான்னு."

"கன்னடத்துலயா?"

"அய்யய்யோ, வேணாம் அத்தே. தமிழ்லயே சொல்லுங்க."

"தமிழ்லயும் என் வாய்ல ரெண்டும் ஒண்ணுதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முன்னால் அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. "அப்போ ஒண்ணும் சொல்லாதீங்க. சும்மா காய்ச்சுங்க, போதும். வாங்க அத்தே, வந்து நம்ம வீட்லயே இருங்க. எப்போ வர்றீங்க, சொல்லுங்க."

இதைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை நாளாகப் பிடிவாதம் பிடித்து உட்கார்ந்திருந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். வந்துவிட்டது. உள்ளே ஏதாவது நடக்கும் என்று பார்த்தேன்.

"வட்டாரத்துல சொல்லிட்டு வரணும். பாத்திரம் எல்லாம் கட்டணும்" என்றேன். "அடுத்த வாரம் வரேன்."

"நான் வந்து கட்டித் தரேன்" என்றாள்.

கைடு, ராணி குளித்த குளம் இன்னும் பாக்கி இருக்கிறது, பார்க்காமல் போகக் கூடாது என்றான். அத்தைக்குக் கால் வலிக்கிறது, போதும் என்று அவளே கன்னடத்தில் சொல்லி அனுப்பினாள். எனக்குக் கால் வலிக்கவில்லை. வலித்தாலும் தெரிந்திருக்காது. படி இறங்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்திருக்கிறாள் என்று தெரிந்தது. கார் நிற்கும் இடம் வரை அவள் விடவில்லை, நானும் உதறவில்லை.