ஷிபுதாவின் பெயரை வைக்காத செடி

ஷிபுதா இறந்துவிட்டார். காலையில் பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே ஒரு வரி.

இங்கே படிக்கும் பலருக்கு அவரைத் தெரியாது. நான் வேலை பார்த்த ஹெர்பேரியத்தில், அதாவது உலர்செடிக் காப்பகத்தில், காய்ந்த செடிகளைத் தடித்த தாளில் ஒட்டி, தண்டை ஊசி நூலால் தைத்து வைப்பவர். நான் அங்கே விஞ்ஞானி. எந்தச் செடி எந்த இனம் என்று பிரித்துப் பெயர் எழுதுவது என் வேலை.

ஒரு மழைக்கால மதியம். 1900களின் தொடக்கத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் டார்ஜிலிங் பக்கம் பறித்து வந்த காட்டுக் காசித்தும்பைக் கட்டு, பூச்சி அரித்த தாள்களோடு அவர் மேஜைக்கு வந்திருந்தது. எல்லாத் தாளிலும் பழைய மையில் ஒரே பெயர்.

"தீதி, இதுல ஒண்ணு ஆலாதா," என்றார். வங்காள மொழியில் 'தீதி' என்றால் அக்கா, 'ஆலாதா' என்றால் வேறு. "இலைக்கு அடியில தொட்டுப் பாருங்க. மத்ததெல்லாம் வழவழன்னு இருக்கு. இதுல ரோமம்."

நான் தொடவில்லை. லென்ஸையும் எடுக்கவில்லை... "நூறு வருஷம் காய்ஞ்சா எல்லாம் அப்படித்தான் ஷிபுதா," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

அவர் வாதாடவில்லை. அந்தத் தாளில் மட்டும் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தார்.

இரண்டு வருஷம் கழித்து அந்தக் கட்டை மறுபடி பிரித்தபோது அந்தக் கேள்விக்குறிதான் என்னை நிறுத்தியது. ரோமம், பூவின் வால், விதை... எல்லாமே வேறு. அதுவரை யாரும் பெயர் வைக்காத இனம்.

அதைப் பற்றி ஆய்வுப் பேப்பர் எழுதினேன். நன்றிப் பட்டியலில் டைரக்டர், என் கணவர், ஜீப் ஓட்டியவர்கூட உண்டு. ஷிபுதா இல்லை.

மறந்துவிட்டது என்றுதான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. அவர் விரலுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்று எழுத வெட்கமாக இருந்தது.

செடிக்கு என் பிஎச்.டி. கைடின் பெயரை வைத்தேன். என் புரமோஷன் இன்டர்வியூவில் கேள்வி கேட்க அவர் உட்காரப் போகிறார் என்று தெரியும்.

பேப்பர் அச்சாகி வந்ததும் ஷிபுதா கேட்டார். "நம்ம செடிக்கு என்ன பேர், தீதி?"

சொன்னேன்.

"அப்படின்னா?"

"என் கைடு பேர்."

"நல்ல மனுஷரா?"

"ஆமா."

"அப்ப சரி," என்றார். புதிய இனத்தின் மூலத் தாளுக்குச் சிவப்பு ஓரம் வைத்த உறை போடுவது வழக்கம். அன்று சாயங்காலமே போட்டு, கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

இன்று அவர் மகள் மிட்டுவுக்கு போன் செய்தேன். அழுகைக்கு நடுவே அவளே கேட்டாள்.

"ஆன்ட்டி, பாபா பேர்ல ஒரு செடி இருக்கே... அதோட லத்தீன் பேரை ஸ்ராத்தத்துக்கு அழைக்கிற கார்டுல போடணும்னு அண்ணன் சொல்றான். ஸ்பெல்லிங் சொல்றீங்களா?"

"அவர் பேர்லன்னு அவரே சொன்னாரா?"

"இல்ல. 'என் செடி'ன்னு சொல்வார். அப்ப அவர் பேர்தானே?"

 உண்மையைச் சொன்னேன். "இல்ல மிட்டு. கண்டுபிடிச்சவர் அவர்தான். நான் வேற ஆள் பேரை வச்சுட்டேன்."

"இப்ப மாத்த முடியாதா?"

முடியாது என்றேன். ஒரு செடிக்கு முறைப்படி முதலில் அச்சான பெயர்தான் நிற்கும். எழுத்துப் பிழை என்றால் திருத்தலாம். வைத்தவளுக்கு மனசு உறுத்தினால் அதற்கு விதி கிடையாது.

"பரவால்ல ஆன்ட்டி," என்றாள். "கார்டுல வேற ஏதாவது போட்டுக்கறோம்." போனை வைத்துவிட்டாள்.

நாளை கார்டன் ரீச் பகுதியில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போகிறேன். அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை...

அந்தச் செடியை முதலில் அடையாளம் கண்டவர் ஷிபுதா. நான் இல்லை. எங்கே எழுத வேண்டுமோ அங்கே எழுதாமல், இங்கே எழுதுகிறேன்.

போய் வாருங்கள், ஷிபுதா.