மேப்பில் இல்லாத ஹாதர்பெக்

போன வாரம் ஒரு மனிதரின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தேன். அதற்கு எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு ஸ்க்ரீன்ஷாட்.

நான் கெட்டவள் இல்லை. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிற உங்களுக்குத் தெரியும்... கொஞ்சம் பயந்தவள். கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி வருகிறவள். ஆனால் பயந்தவர்கள் செய்கிற காரியம் சில நேரம் கெட்டவர்கள் செய்வதைப் போலவே இருந்துவிடுகிறது. அது இப்போதுதான் புரிந்தது.

விஷயம் ஸ்கூல் வேன். நாங்கள் இருப்பது மேனாம்பேட்டில். மகள் யாழினி யு.கே.ஜி. படிக்கிற பள்ளி வேலப்பன்சாவடிப் பக்கம். பழைய வேன் டிரைவர் சொந்த ஊருக்கே போய்விட்டார். தீபாவளி லீவு முடிந்ததும் புதியவர் வந்தார். பெயர் கெவின். நாற்பது வயது இருக்கும். பாடியில் வீடு. வெள்ளைச் சட்டை, காதோரம் கொஞ்சம் நரை. பிள்ளைகள் எல்லோரும் அவருக்கு 'நைனா'தான். "இன்னா நைனா, லேஸ் அவுந்து தொங்குது" என்று குனிந்து கட்டிவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவார்.

முதல் நாள் நான் ஸ்கூட்டரில் வேனைப் பின்தொடர்ந்து போனேன். ஆமாம், போனேன். திருவேற்காடு வரை. அவர் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை கதவைச் சாத்தும்போது மெதுவாகச் சொன்னார்: "பின்னாடி வர்றதுனா வாங்க மேடம். ஹெல்மெட் போட்டுகினு வாங்க. பசங்க ஜன்னல் வழியா பாக்குது."

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பயம் போகவில்லை.

எங்கள் வேனுக்கென்று ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. எல்லாம் அம்மாக்கள். புது டிரைவரின் பேப்பர்களைச் சரிபார்க்க வேண்டும் என்று பேச்சு வந்ததும், அந்த வேலை என் தலையில் விழுந்தது. 'யாழினி மம்மி பார்த்தா கரெக்டா பார்ப்பாங்க' என்று ஆதிராவின் அம்மா ரம்யா எழுதியதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

லைசென்ஸ் நகல் வந்தது. கெவின் ஹெச். தந்தை பெயர்: ரோலண்ட்.

நின்றுவிட்டேன். உங்களுக்கும் இடித்திருக்குமே? அப்பா ரோலண்ட் என்றால் இனிஷியல் 'ஆர்' அல்லவா வர வேண்டும்? 'ஹெச்' எங்கிருந்து வந்தது? ஆதாரை வாங்கிப் பார்த்தேன். அதிலும் ஹெச்.

புதன்கிழமை காலை வேன் கதவருகில் கேட்டே விட்டேன். அவர் சாதாரணமாக, அது அப்பா பெயர் இல்லை, குடும்பப் பெயர் என்றார். ஹாதர்பெக். இங்கிலீஷ் பெயர். அவருடைய தாத்தாவின் தாத்தா இங்கிலாந்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவராம். சொல்லிவிட்டு ஒரு பையனின் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்துவிட்டார்.

நான் நம்பவில்லை. ஆங்கிலோ இந்தியர்களை எனக்குத் தெரியாமல் இல்லை. நான் படித்த பள்ளியிலேயே இரண்டு டீச்சர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் பெயர்கள் எல்லாம் எங்காவது கேட்ட பெயர்களாக இருக்கும். ஹாதர்பெக்? அப்படி ஒரு பெயரா? இவரோ இன்னா, கீது என்று பேசுகிறார்...

யாழினி பள்ளியில் இருந்த மதிய நேரத்தில் லேப்டாப்பைத் திறந்தேன். ஆங்கிலக் குடும்பப் பெயர்களுக்கென்றே இணையதளங்கள் இருக்கின்றன. பெயரைப் போட்டால் அது எங்கே பிறந்தது, உலகத்தில் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று மேப் போட்டுக் காட்டுகிறார்கள். எவ்வளவு அதிகம் பேரோ, அவ்வளவு அடர்ந்த நிறம்.

ஹாதர்பெக் என்ற பெயர் இருந்தது. அதுவே எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தின் வடக்கே, மலையும் ஆடுமாக இருக்கிற ஒரு பள்ளத்தாக்கு. அங்கே 'பெக்' என்றால் ஓடை. புதர்ச் செடிகள் மண்டிய ஓர் ஓடைக்கரையில் ஒரே ஒரு பண்ணை வீடு இருந்திருக்கிறது. அந்த வீட்டில் இருந்தவர்களை அக்கம்பக்கம் ஓடைக்கரைக்காரர்கள் என்று கூப்பிட, அதுவே பெயராக நின்றுவிட்டது. ஒரே வீட்டில் பிறந்த பெயர் என்பதால்தான் இவ்வளவு அபூர்வம். பெண்கள் கல்யாணமாகிப் போகும்போது பெயரைத் தொலைத்தார்கள். ஆண்கள் சிலர் சுரங்க வேலைக்குப் போனார்கள், சிலர் கப்பல் ஏறினார்கள். மேப்பில் அந்தப் பள்ளத்தாக்கு மட்டும் கருநீலம். கனடாவில் ஒரு துளி. ஆஸ்திரேலியாவின் ஓரத்தில் ஒரு துளி.

இந்தியா? சுத்த வெள்ளை. ஒருவர்கூட இல்லை.

எனக்கு வேறென்ன வேண்டும்? ஸ்க்ரீன்ஷாட் எடுத்தேன். குரூப்பில் போட்டேன். 'இந்தப் பெயரில் இந்தியாவில் யாருமே இல்லை. இனிஷியலும் அப்பா பெயரோடு ஒத்துப்போகவில்லை. நீங்களே முடிவு செய்யுங்கள்.'

'நீங்களே முடிவு செய்யுங்கள்' என்று எழுதுகிறவர்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர்கள்.

வியாழக்கிழமை வேன் ஓனர் எனக்கே போன் செய்தார். நாலு வீட்டில் வேனை நிறுத்துவதாகச் சொல்லிவிட்டார்களாம். திங்கட்கிழமைக்குள் அம்மாக்கள் சரி என்று சொல்லாவிட்டால் கெவினை நிறுத்திவிட்டு வேறு ஆள் போடுவதாகச் சொன்னார். நல்ல டிரைவர்தான்... ஆனால் அவருக்கு அவர் பிழைப்பு. நான் கேட்டது பாதுகாப்பு. கிடைத்தது ஓர் ஆளின் வேலை.

அன்று சாப்பிடும்போது கணவர் கார்த்திக்கிடம் சொன்னேன். அவர் தட்டிலிருந்து நிமிராமல் கேட்டார்: "அந்த மேப்ல நம்ம பேரைப் போட்டுப் பாத்தியா?"

போட்டேன். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது தனபால். என் அப்பா. கார்த்திக்குடையதில் சுந்தரம். அவருடைய அப்பா. யாழினிக்குக் கார்த்திக். ஒரே சமையலறையில் சாப்பிடுகிற மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர். மேப்பில் மூன்றும் எங்கெங்கோ சிதறிக் கிடந்தன. வடக்கு இங்கிலாந்தில் யாராவது ஓர் அம்மா என்னை இதே மாதிரி சரிபார்த்தால்? இது குடும்பமே இல்லை, போலி என்றுதானே குரூப்பில் போடுவாள்?

குரூப்பில் ஏதோ டைப் செய்தேன். அழித்தேன். மறுபடி டைப் செய்தேன். ஒருவேளை நான் நினைத்தது சரியாகவே இருந்து, குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மறுபடி அழித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை வேன் வழக்கம் போல வந்தது. கெவின் யாழினியை ஏற்றி, பெல்ட் போட்டு, கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தார். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். என் ஸ்க்ரீன்ஷாட். யாரோ அவருக்கே அனுப்பியிருக்கிறார்கள்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"எங்க பேரு நெட்ல இல்லாம இருக்கலாம் மேடம்," என்றார். "கல்லறையில கீது. ஞாயித்துக்கெழம கல்லறைத் திருநாள். ஊட்டுல எல்லாரும் அங்கதான் இருப்போம். வந்து பாருங்க. பாத்துட்டு இன்னா எழுதணுமோ எழுதுங்க."

போவதா வேண்டாமா என்று சனிக்கிழமை முழுக்க யோசித்தேன். நான் போனால் சந்தேகப்பட்டுப் போகிற மாதிரி. போகாவிட்டால் சந்தேகம் தீராத மாதிரி. கடைசியில் ஞாயிறு மாலை நாலு மணிக்கு, கையில் ஒரு முழம் செவ்வந்தியோடு, அந்த ரயில்வே குடியிருப்பை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தின் வாசலில் நின்றேன்.

கல்லறை என்றால் அமைதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். உள்ளே திருவிழாக் கூட்டம். பூக்கடை, மெழுகுவத்தி, சுண்ணாம்பு வாளி, பாயில் உட்கார்ந்து டிபன் டப்பா திறக்கிற குடும்பங்கள். கெவின் அரை டிரவுசரில், முழங்கை வரை வெள்ளைப் பெயிண்ட்டோடு ஒரு சிலுவைக்குப் பின்னாலிருந்து எழுந்தார். மனைவி ஸ்டெல்லா புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். எட்டாவது படிக்கிற மகள் செரில் மெல்லிய பிரஷ்ஷால் கறுப்பு எழுத்துகளின் மேல் மறுபடி எழுதிக்கொண்டிருந்தாள்.

வரிசையாக ஐந்து சிலுவைகள். ஐந்திலும் ஹாதர்பெக். கடைசியில் ரோலண்ட், கெவினின் அப்பா. பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டியவராம். சிலுவையின் குறுக்குக் கட்டைக்கு அந்தப் பெயர் ரொம்ப நீளம். ஒவ்வொன்றிலும் கடைசி எழுத்துகள் இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு நின்றன. ஆனால் ஒன்றில்கூட 'ஹெச்' என்று சுருக்கவில்லை.

ஏன் பேப்பர்களில் மட்டும் சுருங்கியது என்று கேட்டேன். கெவினைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே ஆரம்பித்துவிட்டதாம். இவ்வளவு நீளப் பெயரை யார் எழுதுவது என்று ஹெட்மாஸ்டர் ஹெச் போட்டார். ரேஷன் கார்டில் அதைப் பார்த்து ஹெச் போட்டார்கள். பிறகு எல்லாவற்றிலும் அதுவே. கூடப் படித்தவர்கள் எல்லோரும், உன் அப்பா பெயரும் இனிஷியலும் ஏன் சேரவில்லை என்று கேட்டுத் தீர்த்துவிட்டார்களாம். நான்தான் முதல் ஆள் என்று நினைத்திருந்தேன்!

மேப்பில் இந்தியா ஏன் வெள்ளையாக இருந்தது என்பது அப்போது புரிந்தது. பள்ளத்தாக்கிலிருந்து கடல் தாண்டி வந்த ஒரு பெயரை, நம் ஊர் விண்ணப்பப் படிவம் ஒற்றை எழுத்துக்குள் மடித்து வைத்துவிட்டது.

வரிசையில் முதல் சிலுவைதான் எல்லாவற்றிலும் பழையது. அந்த இங்கிலீஷ்காரர் அங்கேதான் இருப்பார் என்று குனிந்து படித்தேன்.

அன்னம்மாள் ஹாதர்பெக்.

வெள்ளைக்காரர் எங்கே? அவர் இங்கே இல்லை என்றார் ஸ்டெல்லா. ரயில்வேயில் ஃபிட்டராக வந்தவர். மாதா கோவிலில் வைத்துத்தான் அன்னம்மாளைக் கட்டிக்கொண்டார். இரண்டு பையன்கள் பிறந்த பிறகு, ஊருக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லிக் கப்பல் ஏறியவர் திரும்பவே இல்லை. ஒரு கடிதம்கூட இல்லை. அன்னம்மாளின் அண்ணன்கள் வந்து, அந்தப் பெயரை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிடச் சொன்னார்கள். அவர் போகவில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸ் வீடுகளில் சமையல் வேலை செய்தார். இரண்டு பையன்களையும் பள்ளியில் சேர்க்கும்போது பெயரை எழுத்துக் கூட்டி அவரே சொன்னாராம். படிக்கத் தெரியாதவர். ஆனால் அந்த ஒரு பெயரின் எழுத்துகள் மட்டும் வரிசையாக மனப்பாடம்.

பெயிண்ட் டப்பாவைக் கொஞ்சம் பிடிக்கச் சொன்னாள் செரில். பிடித்துக்கொண்டேன். அன்னம்மாளின் எழுத்துகளைத் தான்தான் எழுதுவேன் என்று ஐந்து வயதிலிருந்து அடம் பிடிக்கிறாளாம்.

எனக்குள் இருந்த கேள்வியை அடக்க முடியவில்லை. விட்டுவிட்டுப் போனவரின் பெயரை எதற்காக இத்தனை தலைமுறையாகத் தூக்கிச் சுமக்கிறீர்கள் என்று கெவினிடம் கேட்டேன். அவர் பிரஷ்ஷை டின்னின் விளிம்பில் வழித்தார்.

"அவரு பேருன்னு யாரு நெனச்சிகினு கீறாங்க மேடம்? அவரு எடுத்தாந்தாரு. அவ்ளோதான். வச்சிகினு இருந்தது அன்னம்மா. எங்களுக்கு இது அன்னம்மா பேரு."

நான் செவ்வந்தியை அந்தச் சிலுவையின் மேல் போட்டேன். வேறென்ன செய்ய?

எத்தனை பேரிடம் என்ன பதில் சொல்லியிருப்பாள் அந்தப் பெண்! யாராவது ஒருவர் ஒரு கேள்வி கேட்டாலே என் முடிவை நான் மாற்றிக்கொள்கிறேன். இவள் ஊரே கேட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. இங்கிலாந்தில் பெண்கள் கல்யாணமானதும் தொலைத்த பெயர்... இங்கே அது நிலைத்ததே ஒரு பெண்ணால். அதை எந்த மேப் காட்டும்?

வீட்டுக்கு வந்ததும் குரூப்பைத் திறந்தேன். இந்த முறை அழிக்கவில்லை. நான் போட்டது தவறு, பெயர் உண்மை, இனிஷியல் உண்மை, நேரில் போய்ப் பார்த்துவிட்டேன், கெவினிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதினேன். கெவின் ஓட்டினால்தான் யாழினி அந்த வேனில் வருவாள் என்றும் எழுதினேன். எல்லோருடைய போனிலும் நான் 'யாழினி மம்மி'. இரண்டு வருடமாக அங்கே யாருக்கும் என் பெயர் தெரியாது. கடைசி வரியில் 'சுகன்யா தனபால்' என்று முழுதாகப் போட்டு அனுப்பினேன்.

முதலில் ரம்யாதான் கேட்டாள்: 'யாருங்க இந்த சுகன்யா?'

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விளக்கம் சொன்னேன். ஒவ்வொருவராகச் சரி என்று போட்டார்கள். கடைசிச் 'சரி' வந்ததும் ஓனருக்கு போன் செய்து சொல்லிவிட்டுத்தான் இட்லிக்கு மாவு எடுத்தேன்.

அந்த இணையதளத்தை நேற்றும் திறந்து பார்த்தேன். ஹாதர்பெக் மேப்பில் இந்தியா இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

இருக்கட்டுமே... தினமும் காலை ஏழேகாலுக்கு அந்தப் பெயர் எங்கள் கேட்டில் வந்து ஹாரன் அடிக்கிறது!