தூக்கடி

வியாழக்கிழமையிலிருந்து துளசிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. பொழிச்சலூரில் லோடு ஆட்டோ ஓட்டுகிற ஆள், வயது நாற்பத்தொன்பது, எதற்கும் லேசில் பயப்படுகிறவன் இல்லை. பயப்பட வைத்தது, அவன் பறை அடிக்கிற பாட்டுக் குழுவில் பாடுகிற ஸ்ம்ருதி அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜ். ஞாயிற்றுக்கிழமை கச்சேரியில் கடைசிப் பாட்டைத் தன் அப்பாவுக்கு என்று சொல்லிப் பாடப்போகிறாளாம். அப்பாவுக்கு அறுபது முடிகிறது, அம்மாவோடு முதல் வரிசையில் இருப்பார். "அண்ணா, நீங்க அப்பாவைப் பாத்துதான் அடிக்கணும்" என்று கடைசியில் ஒரு வார்த்தை வேறு.

அந்தப் பாட்டில் துளசிங்கம் பறையில் அடிப்பது தூக்கடி.

குளிப்பாட்டி மாலை போட்டு எல்லாம் முடிந்து, பிணத்தை வீட்டை விட்டு எடுக்கிற நேரத்தில் அடிப்பது அது. தெருவில் ஆடிக்கொண்டே போகிற அடி ஊருக்கே தெரியும். தூக்கடி அப்படி இல்லை, மெதுவாகப் போகும். கடைசியில் சட்டென்று நின்று, தனியாக மூன்று அடி விழும். மூன்றாவதில் நாலு பேரும் ஒரே மூச்சில் பாடையைத் தோளுக்கு ஏற்றிவிடுவார்கள். பக்கத்தில் நிற்கிற சொந்தக்காரன் காதில் மட்டும்தான் அது விழும். அவனும் அழுதுகொண்டிருப்பான்.

அது பாட்டுக்குள் வந்தது துளசிங்கத்தின் கை செய்த வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பம்மல் சிக்னலில் ஒரு சாவு ஊர்வலம் வண்டிகளை மறித்தபோது, ஷெர்வின் என்ற பையன் பைக்கை ஆஃப் பண்ணிவிட்டு, துளசிங்கம் அடித்த மோளத்தை ஃபோனில் ரெக்கார்டு பண்ணினான். சேலையூர் சர்ச் கொயரில் கிடார் வாசிக்கிறவன். நம்பர் வாங்கிக்கொண்டு போனான், அந்த வாரமே பாட்டு ஒத்திகைக்கு ஒரு ரூமுக்குக் கூப்பிட்டான். ரூமில் பாடுகிற ஸ்ம்ருதி, வயலினோடு ஹர்ஷா என்று இன்னொரு பையன். உட்கார நாற்காலி போட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்து அடிப்பது துளசிங்கத்துக்கு அதுதான் முதல் தடவை.

"யோசிக்காதீங்கண்ணா. கைக்கு வந்ததை அடிங்க" என்றான் ஷெர்வின்.

முந்தின நாள்தான் அனகாபுத்தூரில் ஒரு சாவு வீட்டில் தூக்கடி அடித்துவிட்டு வந்திருந்தான். கைக்கு அதுதான் வந்தது. ஷெர்வின் அதை இரண்டு மடங்கு வேகமாக்கிக் கிடாரைச் சேர்த்தான். தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் மழைக்கு ஒதுங்கி யாருக்கோ காத்திருக்கிற மாதிரி ஸ்ம்ருதி வரி எழுதினாள். அது பிணம் எடுக்கிற அடி என்று மறுநாளே சொல்லியிருக்கலாம். சொன்னால் ரொம்ப தேங்க்ஸ் அண்ணா என்று வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களோ என்று வாயை மூடிக்கொண்டான். அந்த நாற்காலி அவனுக்கு வேண்டியிருந்தது.

பாட்டு சர்ச்சில் சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசன விருந்தில் ஆரம்பித்து, மேடவாக்கத்தில் ஒரு காஃபி கடைக்குப் போய், யாரோ எடுத்த அரை நிமிஷ வீடியோவில் ஏறி, பள்ளிக்கரணை அபார்ட்மெண்ட் பிள்ளைகள் வாயெல்லாம் வந்துவிட்டது. இப்போது தாம்பரத்தில் அறுநூறு சீட் ஆடிட்டோரியம், ஒரே நாளில் டிக்கெட் காலி. அந்த மூன்று அடி விழும்போது கூட்டம் மொத்தமும் எழுந்து குதிக்கும். துளசிங்கம் மட்டும் தலையைக் குனிந்துகொள்வான்.

இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் அவன் பெண்டாட்டி கன்னியம்மா. நாலு பேர் இருக்கிறோமே என்று குழுவுக்கு 'நாலு பேர்' என்றே ஷெர்வின் பெயர் வைத்தபோது அவள் சொன்னாள்: "பேரும் நாலு பேரு, அடியும் அதான். பாடை ஒண்ணுதான் பாக்கி கீது."

அடியை மாற்றிவிடு என்றாள். மாற்ற முடியாது. பழைய அடியை ஷெர்வின் லேப்டாப்பில் ஏற்றி வைத்திருந்தான், அது பாட்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே வேறு அடித்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மைக் எல்லாம் சரிபார்க்க மேடை ஏறினார்கள். ஸ்ம்ருதியின் அப்பா பத்ரிநாராயணன் கையில் ஃப்ளாஸ்க்கோடு அப்போதே வந்துவிட்டார். நேராகத் துளசிங்கத்திடம் வந்தார். தினமும் சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றும்போது அவன் அடியை ஃபோனில் கேட்டுக்கொண்டுதான் நடக்கிறாராம்.

"நாற்பது வருஷமா மிருதங்கம் கேக்கறவன் நான். இது எதுலயும் சேரலையே. இதுக்கு என்ன பேரு?"

தேர் அடி என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது.

"தூக்கடி சார்."

"தூக்கறதுன்னா, பெருமாளையா?"

"சாமி இல்ல சார். வூட்லேர்ந்து எடுப்பாங்க இல்ல, அப்ப அடிக்கிறது."

ஃப்ளாஸ்க் மூடியைத் திறந்த கை அப்படியே நின்றது. துளசிங்கம் மளமளவென்று சொல்லிவிட்டான். ஸ்ம்ருதி பாப்பா சொன்னதிலிருந்து சோறு இறங்கவில்லை, அவளுக்கு எதுவும் தெரியாது, தப்பு தன்னுடையது, வேறு பாட்டு பாடச் சொல்லிவிடுங்கள்.

பத்ரிநாராயணன் காஃபியை ஊற்றினார். குடிக்கவில்லை.

"எத்தனை வருஷமா அடிக்கறேள்?"

"இருவத்தாறு வருஷம் சார்."

"பாடையில போனவா யாராவது நன்னா இருந்ததுன்னு சொல்லியிருக்காளா?"

"அவுங்க எங்க சார் சொல்றது."

"நான் சொல்றேன். நன்னா இருக்கு." சிரிக்கத்தான் பார்த்தார், உதடு ஒட்டிக்கொண்டது. "எங்காத்துல, சாவித்ரி காதுல மட்டும் விழ வேண்டாம். என் அறுபதுக்கு ஆயுசு ஹோமம் முடிஞ்சு ரெண்டு நாள்தான் ஆறது."

அதற்குள் ஷெர்வின் கூப்பிட்டான், கடைசிப் பாட்டை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று. பத்ரிநாராயணன் கீழே இறங்கி, காலி நாற்காலிகளுக்கு நடுவில் முதல் வரிசையில் தனியாக உட்கார்ந்தார். துளசிங்கத்துக்குக் குச்சி வழுக்கியது. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டான். பாட்டு ஓடி, நிற்கிற இடம் வந்து நின்றது. இந்தத் தடவை தலையைக் குனியவில்லை, அவரையே பார்த்தான்.

ஒன்று. இரண்டு. மூன்றாவதுக்குக் கை எழும்ப மாட்டேன் என்றது. அடித்தான்.

பத்ரிநாராயணன் நாற்காலிப் பிடியில் ஒரு கையும் முட்டியில் ஒரு கையும் ஊன்றி எழுந்தார். முட்டிவலிக்காரர், மெதுவாகத்தான் எழுந்தார். ஆனால் தானாக எழுந்தார். பாட்டு முடிகிறவரை நின்றார். இருபத்தாறு வருஷத்தில் அந்த மூன்றாவது அடிக்கு, யாருக்காக அடித்தானோ அந்த ஆள் தன் காலில் எழுந்து நின்று துளசிங்கம் பார்த்ததில்லை.

"அண்ணா, மூணாவது கொஞ்சம் லேட்டு" என்றான் ஷெர்வின்.

பின்பக்கம் வந்து கன்னியம்மாவுக்கு ஃபோன் போட்டான். அவள் பல்லாவரம் தாண்டி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். தனக்கு சீட்டு எங்கே என்று கேட்டாள். குடும்பத்துக்கெல்லாம் முதல் வரிசைதான் என்றான்.

"உன் பக்கத்து சீட்டு பாப்பாவோட அம்மா. அது இன்னா அடின்னு கேட்டாங்கன்னா..."

"கேட்டா?"

"எழுந்திருக்கிற அடின்னு சொல்லு."

"நல்ல நாளும் அதுவுமா பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் இல்ல. இப்பதான் பாத்தேன்."

கன்னியம்மா சரி என்று சொல்லவில்லை. கண்டக்டர் என்னவோ கத்தினார், லைன் கட்டாகிவிட்டது. துளசிங்கம் திரும்பவும் நம்பரை அமுக்கினான். அவள் எடுக்கவில்லை. முன்வாசலில் அதற்குள் ஆட்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள்.