ஏழு கிலோ துப்பாக்கியும் நாற்பத்தொரு கிலோ தமிழ்ப்ரியாவும்

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் எலும்பு ஆஸ்பத்திரி. அங்கே நோயாளிகளைத் துடைத்து, திருப்பிப் போட்டு, தூக்கி உட்கார வைக்கிற வேலையைப் பதினான்கு வருஷமாகப் பார்ப்பவள் வெள்ளச்சி. கன்றிப்போன தோலைப் பார்த்தாலே அது எத்தனை நாள் பழையது, எதனால் பட்டது என்று சொல்லிவிடுவாள். மோட்டார் சைக்கிளில் விழுந்த காயம் ஒரு மாதிரி, புருஷன் அடித்த காயம் வேறு மாதிரி. "படியில உழுந்துட்டேன்" என்று சொல்கிற பெண்களிடம், "அந்தப் படி இப்போ எங்க, வேலைக்குப் போயிருக்குதா?" என்று கேட்பாள்.

அப்படிப்பட்டவளின் மகள், பதினைந்து வயது தமிழ்ப்ரியா, வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "பஸ்ஸுல கம்பி இடிச்சிச்சும்மா" என்றாள்.

வெள்ளச்சி சட்டையின் தோளை விலக்கிப் பார்த்தாள். நீலத்துக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் மஞ்சள்.

"மூணு வாரமா ஒரே கம்பி, ஒரே எடத்துல இடிக்குதா? டிரைவரு பேரு இன்னா? துப்பாக்கி சாரா?"

பெண் உதட்டைக் கடித்தாள். அதோடு பஸ் கதை முடிந்தது.

தமிழ்ப்ரியா இரண்டு வருஷமாகத் துப்பாக்கி சுடும் சங்கத்துக்குப் போகிறாள். பள்ளி என்.சி.சி.யில் யாரோ ஒரு துப்பாக்கியைக் கையில் கொடுக்க, முதல் நாளே ஐந்து தோட்டாவையும் ஒரு டீ டம்ளர் வாய்க்குள் அடங்குகிற மாதிரி சுட்டுவிட்டாள். அது சின்னத் துப்பாக்கி, ஐம்பது மீட்டர். இப்போது முந்நூறு மீட்டருக்கு ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பெரிய துப்பாக்கி. மாநிலப் போட்டிக்குச் சங்கத்திலிருந்து மூன்று பேரை அனுப்புவார்கள். இரண்டு இடம் முடிந்துவிட்டது. மூன்றாவது இடத்துக்கு இவளும் சங்கத் தலைவரின் அண்ணன் மகனும். தேர்வுக்கு இன்னும் நான்கு ஞாயிற்றுக்கிழமைதான்.

"எடம் போனா போவுது" என்றாள் வெள்ளச்சி.

"எடம் மட்டும் இல்லம்மா. சுடறதுக்கு முன்னாடியே கண்ணு தானா மூடிக்குது. தோளு பின்னாடி போவுது. இந்த வயசுல இது ஒடம்புல பூந்துகினா அப்புறம் போவாதாம். எங்க கோச் செழியன் சார் சொன்னாரு. அப்புறம் சின்னத் துப்பாக்கியும் சுட முடியாதாம்."

இதைச் சொன்னபோது அழவில்லை. அழாததால்தான் வெள்ளச்சி கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். தோல் நீலம் பத்து நாளில் போய்விடும். மனசுக்குள் போன நடுக்கம் என்ன செய்யும் என்பது அவளுக்குத் தெரியும். எலும்பு கூடின பிறகும் காலை ஊன மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்.

"ஞாயித்துக்கெழம நானும் வர்றேன்" என்றாள்.

"நீ எதுக்கும்மா? உனக்குத் துப்பாக்கி பத்தி இன்னா தெரியும்?"

"துப்பாக்கி தெரியாது. தோளு தெரியும்."

அந்த வாரம் பார்த்து வெள்ளச்சியின் அண்ணன் பெரியண்ணன் மலையிலிருந்து இறங்கி வந்தான், ஒரு பை கடுக்காயும் சாமையும் எடுத்துக்கொண்டு. கரியாலூருக்கு மேலே, கல்வராயன் மலையில் அவர்களுக்கு அரைக் காணி மேட்டு நிலம். வெள்ளச்சி பதினெட்டு வயதில் அந்த மலையை விட்டு இறங்கி, நோயாளிப் பராமரிப்புப் பயிற்சி ஒரு வருஷம் படித்து, லாரி ஓட்டுகிற ஒருவனைக் கட்டிக்கொண்டு ஊரிலேயே தங்கிவிட்டாள். லாரிக்காரர் மாதம் ஒருமுறை விருந்தாளி மாதிரி வந்துபோவார். பெரியண்ணன் மலையை விடவில்லை. மலையில் அவனுக்கு எல்லாம் இருந்தது. இரண்டு விரல் மட்டும் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் அவன் ஒளித்து வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி, பன்றியை விட்டுவிட்டு அவன் இடது கையைச் சுட்டது. ஆஸ்பத்திரியில் கேட்டபோது பன்றி கடித்ததாகச் சொன்னான். டாக்டர் புண்ணிலிருந்து கரிமருந்தை எடுத்துக் காட்டி, "பன்னி பீடி குடிச்சிக்கினு இருந்துச்சா?" என்று கேட்டாராம். துப்பாக்கி போலீசுக்குப் போனது. அறிவு மட்டும் குறையாமல் அப்படியே இருந்தது.

"உதைக்குதுன்னா நல்ல துப்பாக்கின்னு அர்த்தம்" என்றான் மருமகளிடம். "உதைக்காத துப்பாக்கி இன்னா துப்பாக்கி? மருந்து கம்மி. நம்ம மலையில தோளுல தழும்பு இல்லாதவனுக்கு யாரு பொண்ணு குடுத்தாங்க?"

"உன்னுது நல்லாத்தான் உதைச்சுது" என்றாள் வெள்ளச்சி. "பத்து எண்ணிக் காட்டு பாக்கலாம்."

பெரியண்ணன் கையை வேட்டி மடிப்புக்குள் விட்டுக்கொண்டான். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேராகத்தான் ஷேர் ஆட்டோ ஏறினார்கள். துப்பாக்கி என்றால் அவனை வீட்டில் கட்டிப்போட முடியாது.

வடக்கனந்தலைத் தாண்டி, மலைக்கு முகம் காட்டிக்கொண்டிருந்தது சுடுதளம். ஒரு கொட்டகை, முன்னால் நீளமாகப் புல் செதுக்கிய தரை, கடைசியில் மண் மேடு. அங்கே நட்டிருந்த இலக்குப் பலகை இங்கிருந்து பார்த்தால் அஞ்சல் தலை அளவுக்குத் தெரிந்தது.

செழியன் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பயிற்சி கொடுப்பவர். தலைவர் அரங்கநாதன் உரக்கடை வைத்திருப்பவர். யோசனை கொடுப்பவர்.

வெள்ளச்சி நீலத்தைப் பற்றிச் சொன்னதும் தலைவர் சிரித்தார். "அதாம்மா, நானே யோசிச்சேன். பழைய துப்பாக்கி பசங்களுக்கு. பொம்பளப் புள்ளைக்கு லேசா இருக்கணும். இந்தா, மூணு கிலோ கூட இல்ல. பூ மாதிரி."

மெல்லிய குழலோடு அழகான ஒரு துப்பாக்கியை எடுத்து நீட்டினார். தமிழ்ப்ரியா பாயில் குப்புறப் படுத்து, காதுக்கு மூடி போட்டு, துப்பாக்கியின் பின்கட்டையைத் தோளில் வைத்தாள். டமார். பூ அவளை ஒரு சாண் பின்னால் தள்ளியது. தோட்டா மண் மேட்டுக்கு மேலே எங்கோ கல்லில் பட்டுத் தூசி கிளப்பியது.

"சூப்பரு!" என்றான் பெரியண்ணன். "இது துப்பாக்கி!"

வெள்ளச்சி அவனைப் பார்க்கவில்லை. தலைவரிடம், "சார், ரெண்டுக்கும் ஒரே தோட்டாவா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அதே மருந்து, துப்பாக்கி மட்டும் பாதி. அப்போ மிச்சத்த என் பொண்ணு வாங்கிக்கறா."

தலைவர் செழியனைப் பார்த்தார். செழியன் மலையைப் பார்த்தார்.

கொட்டகை மூலையில், துணி சுற்றி ஒன்று சாய்ந்திருந்தது. கழிப்பறைக் குழாய் மாதிரி தடித்த குழல்.

"அது இன்னாதுங்க சார்?"

செழியனுக்கு வாய் திறக்க வழி கிடைத்தது. "அது டார்கெட்டுக்குன்னே செஞ்சதும்மா. ஆறு மில்லிமீட்டர். தோட்டா சின்னது, மருந்து கம்மி, முந்நூறு மீட்டருக்கு நேரா போவும். உதையும் ரொம்பக் கம்மி. ரெண்டு வருஷமா தூங்குது. உதைக்கலன்னு ஆம்பளைங்க யாரும் தொடறதில்ல."

"அது ஏழு கிலோய்யா!" என்றார் தலைவர். "இந்தப் புள்ள எவ்ளோ வெயிட்டு?"

"நாப்பத்தொண்ணு" என்றாள் தமிழ்ப்ரியா, பாயில் படுத்தபடியே.

"பாத்தியா? நாப்பத்தொரு கிலோ புள்ளகிட்ட ஏழு கிலோவக் குடுக்கறதா? கை ஒடிஞ்சிபூடும்."

"சார்" என்றாள் வெள்ளச்சி. "இவ இதத் தூக்கிக்கினு ஓடப் போறாளா, படுத்துக்கினு சுடப் போறாளா?"

"படுத்துக்கினுதான்."

"முன்னாடி எது தாங்கும்?"

"மணல் மூட்டைம்மா. எங்க போட்டியில அதுக்கு அனுமதி உண்டு" என்றார் செழியன்.

"அப்போ வெயிட்டத் தரை தூக்கட்டும். அவ எதுக்குத் தூக்கணும்? எங்க ஆஸ்பத்திரில காலி ஸ்ட்ரெச்சர ஒரு வெரலால தள்ளுனா செவுத்துல போயி முட்டும். அதுலயே நம்ம சார் மாதிரி ஒருத்தர் படுத்திருந்தா நாலு பேரு தள்ளணும். அதே கணக்குதான இது?"

நம்ம சார் மாதிரி என்றது தலைவரின் வயிற்றைப் பார்த்து. செழியன் இருமினார். "அதே கணக்குதாம்மா" என்றார். பதினாறு வருஷம் ராணுவத்தில் சொல்லிக்கொடுத்த ஒன்றை, உரக்கடைக்காரரிடம் இரண்டு வருஷமாகச் சொல்ல முடியாமல் கிடந்தவர் அவர்.

துணியை அவிழ்த்தார்கள். தமிழ்ப்ரியா கட்டையைத் தோளில் வைத்துப் பார்த்தாள். கழுத்தை நீட்டினால்தான் கண் தொலைநோக்கிக்கு எட்டியது. வெள்ளச்சி குனிந்து பார்த்தாள். கக்கத்தில் வைக்கிற ஊன்றுகோலின் உயரம் தப்பானால் நோயாளி கழுத்தை இப்படித்தான் நீட்டுவான். சாயங்காலம் முதுகு வலிக்குது என்பான்.

"இது வளந்த ஆம்பளைக்கு வெச்ச அளவு. கம்மி பண்ண முடியுங்களா?"

கட்டையின் பின்பக்கம் தகடு தகடாக வைத்திருந்தது. செழியன் திருப்புளியால் இரண்டு தகட்டைக் கழற்றினார். மறுபடி படுத்தாள். கன்னம் தானாகக் கட்டையில் போய் உட்கார்ந்தது. வெள்ளச்சி இன்னொன்றும் செய்தாள்: காது மூடிக்குள் பஞ்சு அடைப்பானும் வைக்கச் சொன்னாள். ஊசி ஏறும் முன் தட்டு விழுகிற சத்தத்துக்கே துள்ளுகிற நோயாளிகள் உண்டு.

"சுடு."

தமிழ்ப்ரியா சுட்டாள். துப்பாக்கி லேசாக முட்டியது, கன்றுக்குட்டி மாதிரி. ஆனால் தோட்டா பலகையிலேயே படவில்லை.

"மருந்து பத்தல" என்றான் பெரியண்ணன்.

வெள்ளச்சிக்கு வேறு தெரிந்தது. வெடிப்பதற்கு முன்பே பெண்ணின் கண் மூடிவிட்டது. துப்பாக்கி உதைப்பதை நிறுத்திவிட்டது, தோள் அதை இன்னும் நம்பவில்லை. அவள் செழியனைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், வெடிக்காத தோட்டா கலந்து குடுப்பீங்களா? எது எதுன்னு அவளுக்குத் தெரியக் கூடாது" என்றாள்.

செழியன் அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். "பட்டாளத்துலயும் அதான் பண்ணுவோம். உனக்கு யாரு சொன்னது?"

"ஊசிக்குக் கத்தறவங்கதான். வெறும் பஞ்சால தொட்டாலே ஆத்தான்னு கத்துவாங்க. மூணு வாட்டி பஞ்சால தொட்டா அவங்களுக்கே வெக்கம் வந்துடும்."

வரிசையாகப் போட்டுக்கொடுத்தார் செழியன். முதலில் வெடித்தது. அடுத்து, விசையை இழுத்தாள். 'டிக்' என்று மட்டும் கேட்டது. வெடிக்காத துப்பாக்கியோடு தமிழ்ப்ரியா மட்டும் தனியாகத் துள்ளினாள், ஓணான் மேலே விழுந்த மாதிரி.

பெரியண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மாமா, எட்டு வெரல வெச்சிக்கினு நீ சிரிக்காத!"

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு முகம் சிவந்தது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னொண்ணு போடுங்க சார்" என்றாள்.

அன்றைக்கு முப்பது தோட்டா. அடுத்த ஞாயிறு முப்பது. வீட்டில் தினமும் காலையில் விளக்குமாற்றுக் கட்டையைத் தோளில் வைத்துப் பாயில் கிடந்தாள். வெள்ளச்சி அவளைத் தாண்டித் தாண்டிப் பெருக்கினாள். மூன்றாவது ஞாயிறு, இருபதுக்கு நான்கு முறைதான் துள்ளினாள். அந்த நாலும் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியவில்லை.

தேர்வன்று தலைவரின் அண்ணன் மகன் பழைய துப்பாக்கியில் சுட்டான். நல்ல பையன்தான்; ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் தோளைத் தேய்த்துக்கொண்டான். பத்து தோட்டாவுக்கு எண்பத்து மூன்று. தலைவர் கை தட்டினார்.

தமிழ்ப்ரியா படுத்தாள். எட்டு தோட்டா போனது. தொலைநோக்கியில் பார்த்து எண் சொல்கிறவர் சொல்லிக்கொண்டே வந்தார், வெள்ளச்சி கேட்கவே இல்லை. எண் அவளுக்குப் புரியாது. மகளின் தோளையும் கண்ணையுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாவது. விசையை இழுத்தாள். 'டிக்.'

இன்றைக்கு யாரும் கலக்கவில்லை. பெட்டியிலிருந்த தோட்டாவே சொத்தை. குழலின் முனையில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. அது எழுந்திருக்கவில்லை. தமிழ்ப்ரியாவின் கண் திறந்தபடியே இருந்தது. செழியன் சார் சொல்லிக்கொடுத்த மாதிரி, தாமதமாக வெடித்தாலும் வெடிக்கலாம் என்று குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு, அசையாமல் அரை நிமிஷம் காத்திருந்தாள். பிறகு தோட்டாவை வெளியே எடுத்துப் பக்கத்தில் வைத்து, "சார், வேற ஒண்ணு" என்றாள், கடையில் சொத்தைக் கத்தரிக்காயைத் திருப்பிக் கொடுப்பவள் மாதிரி.

வெள்ளச்சி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "நான் போயி டீ சொல்லிட்டு வர்றேன்."

"இன்னும் ரெண்டு இருக்குதும்மா!" என்றார் செழியன்.

"அது அவ பாத்துக்குவா."

டீயோடு திரும்பியபோது எண்பத்தெட்டு என்று பலகையில் எழுதியிருந்தது. தலைவர் அண்ணன் மகனிடம், பழைய துப்பாக்கியை விட்டுவிட்டு அடுத்த வருஷத்துக்கு அந்தத் தடிக்குழலையே எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் அப்பவே நெனச்சேன், வெயிட்டுதான் முக்கியம்" என்பதும் காதில் விழுந்தது. வெள்ளச்சி அவருக்கும் ஒரு டீ கொடுத்தாள்.

பெரியண்ணன் மட்டும் சமாதானம் ஆகவில்லை. "எண்பத்தெட்டு இருக்கட்டும். ஆனா அது துப்பாக்கி இல்ல" என்றான்.

வெள்ளச்சி மகளின் தோளைக் கட்டைவிரலால் அழுத்தினாள். பழைய மஞ்சள் கூட இல்லை.

"வலிக்குதா?"

"இல்ல. பசிக்குது. யம்மா, இதக் கொட்டாய்க்கு எடுத்துக்கினு போவணும். ஏழு கிலோம்மா. நீ ஒரு பக்கம் புடி."

"சுடும்போதுதான் தரை தூக்கும்" என்றாள் வெள்ளச்சி, டீயை ஊதிக்கொண்டே. "இப்போ நீ தூக்கு."