எண்பது கிலோவில் நின்றுபோன மனுஷன்

மூன்று வருடத்துக்கு முன்னால், மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மலையாள எல்லையோரத்து எருத்தேன்பதியில் எங்கள் தோட்டத்து ஷெட்டில் நடந்தது இது. இப்போது சொந்தக்காரர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்கிறேன். ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம் முதலில் வந்ததா, பயம் முதலில் வந்ததா என்று இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் தென்னை விவசாயி. நாற்பதைத் தாண்டியதும் சர்க்கரை எட்டிப் பார்த்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நாள் முழுக்கத் தோட்டத்தில் நடக்கிற மனுஷன் இன்னும் எங்கே போய் நடப்பது? "ஜிம்முக்குப் போய்ப் பாருங்க" என்று நான்தான் கிளப்பிவிட்டேன். கொழிஞ்சாம்பாறையில் ஒரு ஜிம்மில் சேர்ந்தார். அப்படிச் சொன்ன வாயை அப்புறம் எத்தனையோ தடவை நானே திட்டிக்கொண்டேன்.

முதல் வருடம் நன்றாகத்தான் போனது. சர்க்கரை இறங்கியது. பாதத்தில் இருந்த எரிச்சல் போனது. சட்டை வயிற்றில் தளர்ந்து தோளில் பிடித்தது. ஊரில் நாலு பேர் பார்த்துக் கேட்கவும் மனுஷனுக்கு ஒரே பெருமை. எல்லாவற்றையும் விட அவருக்குப் பிடித்தது பெஞ்ச் பிரஸ். பெஞ்சில் மல்லாந்து படுத்து, கனமான கம்பியை நெஞ்சுவரை இறக்கி மறுபடி மேலே தள்ளுவது. ஐம்பது கிலோ, அறுபது, எழுபது என்று ஏறிக்கொண்டே வந்து எண்பதில் நின்றது. நின்றது என்றால் நின்றேவிட்டது. ஒரு வருடத்துக்கு மேல் அரைக்கிலோகூட நகரவில்லை.

அந்த ஒரு வருடம் எங்கள் வீட்டில் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! முட்டையில் வெள்ளைக்கரு மட்டும் அவருக்கு. மஞ்சள்கரு எல்லாம் எனக்கும் நாய்க்கும். நாய் உருண்டு திரண்டு போனது. என் அண்ணன் மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, உப்புப் போடாமல் வேகவைத்த கோழி இருக்கிறதா என்று கேட்டார். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு இலையை மடித்துவிட்டு எழுந்து ஓடலாம் போல இருந்தது. பெஞ்ச் பிரஸ் நாள் என்றால் முதல் நாள் ராத்திரியே வீடு அமைதியாகிவிட வேண்டும். மிக்ஸிகூடப் போடக்கூடாது. அப்படியும் மறுநாள் கம்பி மேலே போகவில்லை என்றால் பழி வேறு யார் மேல் விழும்?

"நேத்து நீ வெச்ச சாம்பார்ல பருப்புக் கம்மி புள்ள. அதேன் தெம்பில்ல."

ஒரு வாரம் சாம்பார். அடுத்த வாரம் மின்விசிறிச் சத்தம். அதற்கடுத்த வாரம், மோட்டார் போட நான் சீக்கிரம் எழுப்பிவிட்டதால் தூக்கம் குறைவு. தன்னைத் தவிர உலகத்தில் எல்லாவற்றின் மேலும் பழி போட்டாயிற்று.

ஜிம்மில் பயிற்சி கொடுக்கிற தம்பி மலையாளி. நல்ல பையன். தேங்காய் வாங்க வீட்டுக்கு வந்தபோது என்னிடமே புலம்பினான்.

"சேச்சி, உடம்புக்கு அது பழகிப்போயி. எப்பவும் ஒரே வெயிட்டு, ஒரே எண்ணிக்கை, ஒரே நாள். கொஞ்சம் மாத்தணும். கொறச்சு நாள் லைட்டா செய்யணும். காலுக்குச் செய்யணும், முதுகுக்குச் செய்யணும். நான் பறஞ்சா சேட்டன் கேக்கில்லா."

சாப்பாடு போடும்போது இதை மெதுவாக எடுத்துச் சொன்னேன். தட்டில் இருந்து நிமிராமலே பதில் வந்தது. "எம்பது கிலோ தூக்கறவன் போயி நாப்பது கிலோவுல ஆட்டம் போடறதா? ஊருல சிரிப்பானுங்க." காலுக்கு எதற்குப் பயிற்சி, வேட்டி கட்டினால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று வேறு கேட்டார்.

அதோடு விட்டாரா? ஜிம்முக்குப் போய்வர நேரமாகிறது என்று பெஞ்சு, கம்பி, தட்டு எல்லாம் வாங்கி, தேங்காய் போட்டுவைக்கிற ஷெட்டில் ஒரு மூலையில் இறக்கிவிட்டார். தேங்காய் வெளியே வெயிலில் கிடந்தது. இரும்பு நிழலில் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேலையாட்கள் யாரும் வரவில்லை. மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இட்லி அவித்து, அவருக்கென்று தனியாகக் கோழி வேகவைத்து, சாப்பிடக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். சத்தமே இல்லை. காதில் ஏதாவது மாட்டிக்கொண்டு வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. கையில் இருந்த கரண்டியோடு கிளம்பி, களத்தைத் தாண்டும்போதே திட்ட ஆரம்பித்துவிட்டேன்.

"ஏனுங்க, கூப்புடறது காதுல உழுகுதுங்களா இல்லீங்களா? உங்களுக்குன்னு தனியா ஆக்கி, தனியா எடுத்து வெச்சு, இன்னும் கால்ல வேற உழோணுமாக்கும்?"

ஷெட் வாசலில் நின்றும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பளீரென்ற வெயிலில் இருந்து போனதால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. பெஞ்சில் படுத்திருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. ஆள் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறார் என்று இன்னும் நாலு வார்த்தை கூடச் சொன்னேன். அதன்பிறகுதான் கண் பழகியது. கம்பி அவர் நெஞ்சின் மேல் இருந்தது. இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடித்தபடி, முகம் கறுத்து, வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை.

கரண்டி எங்கே விழுந்தது என்று தெரியாது. ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துத் தூக்கினேன். அசையவில்லை. அரிசி மூட்டையைத் தனியாக நகர்த்துகிறவள்தான் நான். இது அசைகிற மாதிரியே இல்லை. வெளியே ஓடி யாரையாவது கூப்பிடலாம் என்றால், பக்கத்துத் தோட்டம் கூப்பிடு தூரத்தில் இல்லை. அவர் கண் மட்டும் ஒரு பக்கமாகப் போய்ப் போய் வந்தது.

"கிளிப்பு..." என்றார். அது வார்த்தையாகக்கூட வரவில்லை. காற்றாக வந்தது.

தட்டுகள் நழுவாமல் இருக்கக் கம்பியின் இரண்டு முனையிலும் ஸ்பிரிங் மாதிரி ஒன்று போட்டிருப்பார்கள். அதைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. என் பக்கத்து முனையில் இருந்ததை இரண்டு கையாலும் நெரித்து இழுத்தேன். கை வியர்வையில் வழுக்கியது. சேலைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்ததும் வந்துவிட்டது. தட்டுகளைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். முதலில் சின்னது, பிறகு பெரியது, எல்லாம் தடதடவென்று தரையில் கொட்டின. என் பக்கம் கனம் போனதுதான் தாமதம், மறுபக்கம் சட்டென்று கீழே சாய்ந்து, கம்பி துள்ளி எழுந்து என் முழங்கையை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. காரை பெயர்ந்து விழுந்தது. அவர் பெஞ்சில் இருந்து உருண்டு தரையில் விழுந்து, இருமி இருமி மூச்சை இழுத்தார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே அழுகிறேன். மனுஷன் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். செத்துப் பிழைத்தவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"எம்பத்தஞ்சு புள்ள... பாதி வந்துருச்சு."

கரண்டி கையில் இல்லாதது அவர் செய்த புண்ணியம்.

வாடகைக் காரை வரச் சொல்லி, பக்கத்தில் சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விலா எலும்பில் சின்ன விரிசல். கொஞ்ச காலம் கனம் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும் வழியில் காரில் மெதுவாகக் கேட்டேன். "ஏனுங்க, மாட்டிக்கிட்ட உடனே ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதுங்களா?"

வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "மொதல்ல சத்தம் போடத் தெம்பு இருந்துச்சு. நீ வந்து பாத்தீன்னா மானம் போயிருமேன்னு, கொஞ்ச நேரம் கழிச்சுத் தள்ளிப் பாக்கலாம்னு இருந்தேன். அப்பறம் போடலாம்னு பாத்தா மூச்சு வரல."

இருபது வருடம் கூடக் குடித்தனம் பண்ணின என்னிடம் என்ன மானம்? அந்தப் பதிலைக் கேட்டபோதுதான் எனக்கு நிஜமாகவே வெறுத்துப்போனது. மறுநாள் ஷெட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது என்று முடிவு. அவர் ஒரு மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேளாவேளைக்குச் சாப்பிட்டார். மஞ்சள்கருவோடு முட்டை கொடுத்தாலும் கேள்வி கேட்காமல் தின்றார். சில வாரத்திலேயே பாதம் எரிகிறது என்று தலையணை மேல் காலைத் தூக்கி வைக்க ஆரம்பித்தார். அந்தக் காலைப் பார்த்ததும் இரும்புக்காரரை வரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, நானே அவரைக் கூட்டிக்கொண்டு ஜிம்முக்குப் போனேன். "தம்பி, நீ என்ன சொல்றயோ அதைத்தான் இவரு செய்யோணும். செய்யலீன்னா எனக்குச் சொல்லு" என்றேன். அங்கே நின்ற பையன்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

பெஞ்ச் பிரஸ் கிடையாது என்று தம்பி சொல்லிவிட்டான். கொஞ்ச வாரத்துக்குக் கால், முதுகு. நெஞ்சுக்கு என்றால் கையடக்கமான டம்பெல், அதையும் ஆமை வேகத்தில் இறக்கி ஏற்ற வேண்டும். அப்புறம் கனத்தைக் கூட்டி எண்ணிக்கையைக் குறைப்பது, மறுபடி கனத்தைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுவது, நடுவில் ஒரு வாரம் சும்மா பேருக்குச் செய்துவிட்டு உடம்பை ஆற விடுவது. "இதுல என்ன இருக்குது, சின்னப்புள்ளைக வெளையாட்டு" என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே செய்தார். முதல் நாள் காலுக்குச் செய்துவிட்டு வந்தவர், மறுநாள் கக்கூஸில் உட்கார்ந்தால் எழ முடியாமல் உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார். கூப்பிட்டாரே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பெஞ்சுக்குத் திரும்பிப் போகும்போது தலைமாட்டில் ஆள் நிற்க வேண்டும் என்பது நான் போட்ட நிபந்தனை. தம்பி எனக்கும் சொல்லிக் கொடுத்தான். கம்பிக்கு அடியில் கையை விரித்து வைத்துக்கொள்ள வேண்டும். தொடக்கூடாது. தொட்டால் அவர் தூக்கியது கணக்கில் வராது. ஆனால் கம்பி நின்று இறங்க ஆரம்பித்தால் உடனே பிடிக்க வேண்டும். "அப்போ சேச்சிக்கும் கொஞ்சம் பலம் வேணமல்லோ" என்று என்னையும் தூக்க வைத்துவிட்டான். என் கதை தனி. எனக்கு மாதாமாதம் ஏறுகிறது என்பது அவருக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.

கார்த்திகை மாதம் ஒரு காலை, நான் பூட்டைத் திறந்துவிட்ட எங்கள் ஷெட்டிலேயே, எண்பத்தைந்தைப் போட்டார். கிளிப்பை நான் மாட்ட விடவில்லை. கம்பி நெஞ்சுக்கு இறங்கி, பாதி தூரம் ஏறி, அங்கே நின்றது. என் கை கம்பிக்கு ஒரு சாண் கீழே விரிந்து நின்றது. பிடித்துவிடலாமா, இன்னும் பொறுக்கலாமா என்று தவித்தபோது, மெதுவாக, ரொம்ப மெதுவாக, அது மேலே போனது.

கம்பியைத் தாங்கியில் வைத்துவிட்டுத் தலைகீழாக என்னைப் பார்த்துக் கேட்டார். "நீ தொட்டயா புள்ள?"

"தொடலீங்க."

மத்தியானம் சாப்பிடும்போது மறுபடி கேட்டார். அடுத்த நாள் பல் தேய்த்துக்கொண்டே கேட்டார். தொடவில்லை என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்த பிறகுதான் விட்டார். இப்போது தொண்ணூற்றைந்தில் வந்து நிற்கிறது. மறுபடி சாம்பாரின் மேல்தான் பழி. போகட்டும்.

ஒரே மாதிரி செய்தால் உடம்புக்குப் பழகிவிடும், பழகினால் அதற்கு மேல் நகராது என்று அந்தத் தம்பி சொன்னது சரிதான். ஆனால் அவர் தலைமாட்டில் கையை விரித்துக்கொண்டு, தொடாமலும் விலகாமலும் நிற்கிற அந்தச் சில நொடிகள் மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை, பழகிவிடவும் வேண்டாம்.